பல்லின் கறையும் படைப்பை மாற்றுதலும்



பல்லைச் சீர்செய்து அழகாக்கிக்கொள்வது மார்க்கத்தில் ஆகுமா என்னும் கேள்வி அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் மணவயதில் பெண்மக்களை வைத்திருக்கும் தாய்மார்கள். பல் மருத்துவர் 'பாண்டிங்' செய்துகொள்ளலாம் என்று கூறியிருப்பார். செலவுக்கும் ஒருவாறு வழி கண்டிருப்பார்கள். ஆனால் பல்லை அழகுபடுத்தும் பெண்கள் மீது சாபம் உண்டு என்று ஏதோ ஒரு பயானில் கேட்ட சொல் அவர்களைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அச்சம் ஈமானின் அடையாளம்தான். அதைக் குறை கூற மாட்டோம். எனினும் அந்த ஹதீஸ் பாதியாகவே அவர்கள் காதுகளுக்குச் சென்றிருக்கிறது என்பதே நமது வருத்தம்.

முதலில் பாண்டிங் என்பது என்னவென்று அறிந்துகொள்வோம். செய்முறை தெரியாமல் சட்டம் சொல்வது முறையன்று. பல்லின் மேற்பரப்பாகிய எனாமலின் மீது பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவிக் கழுவுகிறார்கள். அதனால் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பள்ளங்கள் தோன்றுகின்றன. பிறகு பசை போன்ற ஒரு திரவத்தைப் பூசி, அதன்மேல் பல்லின் நிறத்திலுள்ள ரெசின் என்னும் பொருளை மாவுபோல் வைத்து, பல்லின் வடிவத்துக்கு இழைத்து, நீலநிற ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சில நொடிகளில் அது இறுகிவிடுகிறது. பின்னர் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அமிலத்தால் எனாமலைப் பற்றுதலுக்கு ஏற்றதாக்கலாம் என்பதை மைக்கேல் புவோனகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் 1955-இல் எடுத்துக்காட்டினார். இன்றைய ரெசினுக்கு அடித்தளமிட்டவர் ரஃபேல் போவன் என்பவர். ரெசின் என்பது ஒருவகைப் பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த கலவை; அசுத்தமான பொருளன்று. பெரும்பாலான நேரங்களில் பல்லைக் குடைவதும் இல்லை, மரத்துப்போக ஊசி போடுவதும் இல்லை. ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். நன்கு பேணினால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நிற்கும் என்பர். தேநீரும் வெற்றிலையும் அதன்மேல் கறையேற்றும். கடினமானதைக் கடித்தால் விளிம்பு உடையவும் கூடும்.

இனி, இதற்காக நம்மிடம் வருபவர்கள் யார் என்று பார்ப்போம். நம் மத்ரஸாவின் பெண்கள் பிரிவில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்து ஓதும் மாணவியர் உண்டு. அவர்களில் பலருக்கு முன்பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்திட்டுகள். சிலருக்கு மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். பார்ப்பவர்கள் பல் துலக்காத பெண் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது துலக்காததால் வந்த கறை அன்று; துலக்கினாலும் போகாது. அம்மாவட்டங்களின் பாறைப் படுகையிலிருந்து எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது நம் நாட்டின் தர நிர்ணயம். அளவு மிகுந்த நீரைக் குழந்தைப் பருவத்தில் பருகினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் பழுதுபடுகிறது. இதனை ஃபுளோரோசிஸ் என்கிறார்கள். ஏறத்தாழ எட்டு வயதுக்குள் பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிடுவதால், அதன் பின் நல்ல நீர் கிடைத்தாலும் வந்த கறை போவதில்லை. காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2005-க்கு முன் பிறந்த பிள்ளைகளின் பற்கள் அதற்குள்ளாகவே உருவாகி முடிந்திருந்தன. அவர்கள் தாம் இன்று மணவயதில் நிற்கிறார்கள்.

இம்மாணவியர் ஓதும்போது துப்பட்டாவின் ஓரத்தை வாய்மேல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நம் உஸ்தாதாக்கள் கூறுவர். மக்ரஜ் சரிபார்க்க வாயைத் திறக்கச் சொன்னால் கண் கலங்கிவிடுகிறார்களாம். தோழியின் முகம் பார்த்துப் புன்னகைப்பது தர்மம் என்று நாம்தான் பாடம் நடத்துகிறோம். அந்தப் பாடத்தை வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து சென்ற பிறகு, "பல் ஒன்றுதான் குறை" என்று சொல்லியனுப்பிய வீடுகளை நாம் அறிவோம்.

இப்போது ஹதீஸுக்கு வருவோம். பச்சை குத்துபவர், குத்திக்கொள்பவர், முகத்து முடியைக் களைபவர், அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்பவர் ஆகிய பெண்கள் மீதான சாபத்தை அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. இதைக் கேள்வியுற்ற உம்மு யஅகூப் என்னும் பெண்மணி, அவர்களிடமே நேரில் வந்து, குர்ஆனை முதலிலிருந்து இறுதிவரை ஓதியுள்ளேன், இதை அதில் காணவில்லையே என்று வாதிட்டார். தூதர் தருவதை ஏற்று, தடுப்பதை விட்டு விலகுமாறு பணிக்கும் ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனத்தை இப்னு மஸ்ஊத் எடுத்துக்காட்டினார்கள். அப்பெண்மணி அதோடு விடவில்லை. உங்கள் மனைவியே இவற்றைச் செய்வதாக எண்ணுகிறேன் என்றார். போய்ப் பார்த்துவாருங்கள் என்று அனுப்பினார்கள். அவரும் போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று திரும்பினார். கேள்வி கேட்ட பெண்ணை அதட்டி அனுப்பாத அந்த அவையின் ஒழுக்கத்தை, இன்று நம்மிடம் கேட்க வரும் தாய்மார்கள் விஷயத்தில் நாமும் நினைவில் வைப்பது நல்லது.

அந்த ஹதீஸில் அழகுக்காக என்னும் ஒரு சொல் இருக்கிறது. மேடைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 676-இல் மறைந்தவர்கள்) முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில் இச்சொல்லின் மேல் நின்று பேசுகிறார்கள். வயது ஏறிய பெண்கள் தம் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கி, இளம்பெண்போல் தோன்ற முயன்ற வழக்கமே இங்குக் கண்டிக்கப்படுகிறது. அழகைத் தேடி மட்டும் செய்வதே தடுக்கப்பட்டது. மருத்துவத்துக்காகவோ, பல்லிலுள்ள ஒரு குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். பல்லில் உள்ள குறை என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டுள்ளார்கள். ரெசினும் நீல ஒளியும் கனவிலும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட விளக்கம் அது.

குறையை நீக்கிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான சான்றும் உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். அத்தகைய தங்கத்தையே இங்கு அனுமதித்திருக்கிறார்கள் என்றால், முகத்தின் குறையை மறைத்து மனிதர்களிடையே நடமாடுவதை மார்க்கம் எவ்வளவு பெரிய தேவையாகக் கருதுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வெள்ளி மூக்கு இல்லாமலும் அவர்களால் மூச்சுவிட முடிந்திருக்கும். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டலாமா என்ற ஃபிக்ஹுச் சர்ச்சையும் இதிலிருந்து கிளைத்ததே. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) வெள்ளியோடு நிறுத்தினார்கள். அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) தங்கத்தையும் அனுமதித்தார்கள். எந்த உலோகத்தால் என்பதில்தான் கருத்து வேறுபாடு. சீர்செய்வதே கூடுமா என்பதில் அன்று.

நம் காலத்து அறிஞர்களின் கூட்டு முடிவும் இதே வழியில்தான் உள்ளது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது, அழகுச் சிகிச்சைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தது. பிளவுபட்ட உதடு போன்ற பிறவிக் குறைகளையும், தீக்காயம், விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த குறைகளையும் சீர்செய்வதை அனுமதித்தது. குறை ஏதுமின்றி, மன இச்சைக்காகவும் பிறரைப் போல் தோன்றுவதற்காகவும் உருவத்தை மாற்றுவதைத் தடுத்தது.

ஆகவே ஃபுளோரோசிஸ் கறை படிந்த பல்லுக்கும், விழுந்து உடைந்த முன்பல்லுக்கும் பாண்டிங் செய்துகொள்வது ஆகுமானது என்பதே நமது கருத்து. அல்லாஹ்வின் படைப்பை மாற்றியது இங்கே கிணற்று நீர்; மருத்துவர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்கிறார். கறை லேசானதாக இருந்தால் மேற்பரப்பை மெருகேற்றுவதோ வெளுப்பாக்குவதோ போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். ஆழமானதாக இருந்தால் பாண்டிங்குக்கு முன் சற்றே சுரண்டவும் நேரலாம். சிகிச்சைக்கு வேண்டிய அளவில் அதுவும் சிகிச்சையைச் சேர்ந்ததே.

முன்பல் உடைந்த மாணவருக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஓதிக்கொடுப்பவர்கள் அறிவார்கள். ஸா, தால், ழா ஆகிய மூன்று எழுத்துகளும் நாவின் நுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடும் இடத்தில் பிறக்கின்றன. ஃபா என்னும் எழுத்து மேல்முன்பல்லின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடும்போது பிறக்கிறது. பல் பாதி உடைந்துவிட்டால் காற்று ஒழுகி எழுத்து சிதைகிறது. பட்டம் விடும்போது விழுந்து பல்லுடைந்த ஒரு மாணவனை ஓராண்டு முழுவதும் ஃபாத்திஹாவில் வரும் தாலுக்காகத் திருத்திக்கொண்டே இருந்தோம். பாண்டிங் செய்து வந்த வாரத்திலேயே எழுத்து நேராகிவிட்டது. ஓராண்டு பிரம்பும் பொறுமையும் செய்யாததை அரை மணி நேரம் செய்துவிட்டது என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். பிரம்பை நாம் பயன்படுத்துவதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்துவிடுகிறோம்.

இனி மறுபுறம். நகரங்களின் விளம்பரப் பலகைகளில் 'ஸ்மைல் டிசைனிங்' என்னும் சொல் மின்னுகிறது. நல்ல பல்லை உடையவர்கள், திரை நடிகர்களின் படத்தைக் கைப்பேசியில் காட்டி இதுபோல் வேண்டும் என்று கேட்கிறார்கள். இவர்களில் பலருக்குச் செய்யப்படுவது பாண்டிங் கூட அன்று. வெனீர் என்னும் மெல்லிய ஓடு. அதனைப் பொருத்துவதற்குப் பெரும்பாலும் பல்லின் எனாமலை அராவ வேண்டும். அராவிய எனாமல் மீண்டும் வளராது. ஆயுள் முழுவதும் ஓடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குறையற்ற பல்லை அழகுக்காக அராவுவது, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அராவியதிலிருந்து எவ்விதத்தில் வேறுபட்டது என்று நம்மால் காண முடியவில்லை. மணமகனாகப் போகும் இளைஞர்களும் இதில் இறங்கிவிட்டார்கள். ஹதீஸில் பெண்களைக் குறிப்பிட்டிருப்பதால் தமக்கு விலக்கு என்று அவர்கள் எண்ண வேண்டாம்.

நடுவே நிற்பது இயற்கையான இடைவெளி. அன்றைய அரபுப் பெண்கள் அழகுக்காக இடைவெளியை உண்டாக்கினார்கள். இன்றைய பெண்கள் அழகுக்காக அதை அடைக்கிறார்கள். நாகரிகம் எத்தனை முறை புரண்டு படுக்கிறது பாருங்கள். உணவு சிக்கும் அளவுக்கும், பேச்சு குழறும் அளவுக்கும், காண்போர் குறையென்றே கருதும் அளவுக்கும் அகன்றதாயின் அடைத்துக்கொள்ளலாம். கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் சிறு இடைவெளியை விட்டுவிடுவதே பேணுதலானது என்பது நமது எண்ணம். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அடைத்துக்கொண்டவரைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

கடமையான குளிப்பு நிறைவேறுமா என்பது ஆண்களிடமிருந்து வரும் கேள்வி. நகப்பூச்சோடு இதை ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது சுன்னத்; எனவே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இக்கேள்விக்கே இடமில்லை. ஹனஃபீ மத்ஹபில் அது பர்ளு என்பதால் கேள்வி நியாயமானதே. நகப்பூச்சை நினைத்தபோது துடைத்தெடுக்கலாம். பாண்டிங் அவ்வாறன்று, மருத்துவர் கருவி கொண்டு அராவினாலன்றி வராது. எடுக்க முற்பட்டால் பல்லுக்கே கேடு. இவ்வாறு நிலையாகப் பொருந்திவிட்டது பல்லின் ஒரு பகுதியாகவே கருதப்படும். அதன்மேல் நீர் பட்டால் போதும் என்று ஹனஃபீ முஃப்திகள் தீர்ப்பளித்துள்ளனர். கழற்றி மாட்டும் பல்செட்டின் சட்டம் வேறு. குளிப்பின்போது அதைக் கழற்ற வேண்டும். நோன்பு நேரத்தில் செய்துகொள்வதைப் பொறுத்தவரை, தொண்டையில் ஏதும் இறங்காதவரை நோன்பு முறியாது. ஆனாலும் அவசரமில்லாத வேலைக்கு நோன்பின் பகலைத் தேர்ந்தெடுப்பானேன்?

திருமணப் பேச்சில் இதை மறைக்கலாமா என்பதற்குத்தான் நாம் மிகவும் யோசித்தோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். பெண் பிள்ளை தானியம் அன்று. ஃபுளோரோசிஸ் கறை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரை நோயும் அன்று. ஆயினும் சில ஆண்டுகளில் பாண்டிங் தேயும், நிறம் மாறும், மீண்டும் செய்ய வேண்டிவரும். அன்று அது கணவரின் வீட்டில் புதிதாகத் தெரிவதைவிட, பேச்சு முடியும் முன்பே பெண்ணின் தாய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதே நேர்மை. "எங்கள் ஊர்த் தண்ணீரால் பல்லில் கறை இருந்தது, மருத்துவம் செய்திருக்கிறோம்" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதைக் கேட்டு எழுந்து போகும் வீடு, போகட்டும்.

அப்படி எழுந்து போகிறவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சாபத்தை அறிவித்த அதே இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிக மெலிந்த உடலினர். ஒருமுறை மிஸ்வாக் குச்சி பறிக்க அராக் மரத்தில் ஏறியபோது, காற்றில் ஆடை விலகி அவர்களின் ஒடுங்கிய கணைக்கால்கள் தெரிந்தன. கூடியிருந்தோர் சிரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டு, மறுமையின் தராசில் அவ்விரு கால்களும் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். முஸ்னத் அஹ்மதில் இந்நிகழ்ச்சி உள்ளது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற ஹதீஸை அறிவிப்பவரும் இவர்களே. நல்ல ஆடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது பிறந்த விடை அது. பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் காண்பதும்தான் என்றும் அதிலேயே சொல்லப்பட்டது. ஆகவே இந்த விஷயத்தில் ஹதீஸின் எச்சரிக்கை யாருக்கு அதிகம் பொருந்துகிறது? கறையை மறைக்க விரும்பும் பெண்ணுக்கா, அவள் பரிமாறிய தேநீரைக் குடித்துவிட்டு அவள் பல்லைப் பற்றித் தெருவில் பேசிச் செல்பவர்களுக்கா?

செலவைப் பற்றியும் ஜமாஅத்தாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வசதியில்லாத பெண்ணின் திருமணத்துக்கு நகையும் பாத்திரமும் வாங்கித்தர நாம் முன்வருகிறோம். அவளுக்குப் பல் சிகிச்சை என்றால் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அவள் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையாக இருந்தால், அத்தொகையை அவள் கையிலேயே உரிமையாகக் கொடுத்துவிடலாம். தன் தேவைக்கு அவள் செலவிட்டுக்கொள்வாள். மருத்துவமனைக்கு ஜமாஅத்தே நேரடியாகக் கட்டுவதாயின் ஸதகா நிதியிலிருந்து கட்டுவது சிக்கலில்லாதது. தனியார் மருத்துவமனையில் பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரித்துவிடுவது நல்லது. பிள்ளையைத் தனியே அனுப்பாமல் தாயையோ மஹ்ரமான ஆண் ஒருவரையோ துணைக்கு அனுப்புங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பல் மருத்துவர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். செய்துகொண்ட பின் முதல் இரண்டு நாள்கள் தேநீரைத் தவிர்க்கச் சொல்வார்கள். மிஸ்வாக்கை விட்டுவிட வேண்டியதில்லை. குச்சியின் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கி, அழுத்தாமல் தேய்த்தால் போதும்.